நெசிஸ் பட்டியலில் 1978 ஏன் வெறும் 3? நார்ஈஸ்டரின் கடுமையை எதை வைத்து எடை போடுவது

சார்ல்ஸ்கரை
அமெரிக்க வடகிழக்குக் கரையைத் தாக்கும் குளிர்காலப் புயல்களை (நார்ஈஸ்டர்) பனியை வைத்து 1 முதல் 5 வரை வகை பிரிக்கும் நெசிஸ் பட்டியலில் 1978 பிப்ரவரி 5–7 புயலுக்கு 5.78 புள்ளி, அதாவது 3ஆம் வகை. 1996 ஜனவரிக்கு 11.78, 1993 மார்ச்சுக்கு 13.20. இரண்டுமே 5ஆம் வகை. ஆனால் மாசசூசெட்ஸ் கடற்கரையில் எந்தப் புயல் வந்தாலும் ஒப்பிட்டுப் பேசுவது 1978ஐத்தான். பாஸ்டனில் 27.1 அங்குலப் பனி. 33 மணி நேரம் விடாமல் பெய்தது. பாஸ்டனைச் சுற்றிப் போகும் 128ஆம் சாலையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் நின்ற இடத்திலேயே புதைந்தன. கடலோர வீடுகள் வரிசையாகப் போயின. இதற்கு 3ஆ? பட்டியலில் கோளாறா, நாம் படிப்பதில் கோளாறா?

பனிப்பலகை
பட்டியலில் கோளாறு இல்லை. அது எதை அளக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பால் கோசினும் லூயி உச்செல்லினியும் 2004இல் வெளியிட்ட அந்த அளவுகோலில் காற்று இல்லை, கடல் இல்லை, பனி எத்தனை மணி நேரம் பெய்தது என்பதும் இல்லை. எவ்வளவு பனி, எவ்வளவு பரப்பில், எத்தனை பேர் மேல் விழுந்தது, அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. 4, 10, 20, 30 அங்குலம் என்று நான்கு வரம்புகள். ஒவ்வொரு வரம்புக்கும், அந்த அளவோ அதற்கு மேலோ பனி விழுந்த பரப்பை 91,000 சதுர மைலாலும், அங்கே வசிப்போர் எண்ணிக்கையை 3.54 கோடியாலும் வகுத்து, இரண்டையும் கூட்டி, வரம்பை 10ஆல் வகுத்து வரும் எண்ணால் பெருக்க வேண்டும். நான்கையும் கூட்டினால் நெசிஸ். 1 முதல் 2.5 வரை 1ஆம் வகை, 4 வரை 2, 6 வரை 3, 10 வரை 4, அதற்கு மேல் 5.

ஒரு கற்பனைப் புயலை எடுப்போம்.
4 அங்குல வரம்பு: 1,82,000 சதுர மைல், 5.31 கோடிப் பேர். 0.4 × (2 + 1.5) = 1.4
10 அங்குலம்: மேலே சொன்ன அதே 91,000 சதுர மைல், 3.54 கோடிப் பேர். 1 × (1 + 1) = 2
20 அங்குலம்: 9,100 சதுர மைல், 35.4 லட்சம் பேர். 2 × (0.1 + 0.1) = 0.4
30 அங்குலம் எங்கும் இல்லை. மொத்தம் 3.8, ஆக 2ஆம் வகை.

இதே புயலில் அந்த 20 அங்குலப் பட்டை மட்டும் கொஞ்சம் நகர்ந்து நியூயார்க் மாநகர்ப் பகுதி மேல் உட்கார்ந்து 1.77 கோடிப் பேரைத் தொட்டால், அந்த வரி 2 × (0.1 + 0.5) = 1.2 ஆகிவிடும். மொத்தம் 4.6, இப்போது 3ஆம் வகை. வானத்தில் எதுவும் மாறவில்லை, கீழே இருக்கும் ஆட்கள்தான் மாறினார்கள்.

1978இல் கனத்த பனி தெற்கு நியூ இங்கிலாந்தில் குவிந்தது. 1993 புயலோ தெற்கிலிருந்து மெய்ன் வரை மொத்தமாகப் போர்த்தியது. புள்ளி வித்தியாசம் அங்கேதான்.

ஐசோபார்
நெசிஸ், புயல் ஓய்ந்தபின் போடும் மதிப்பெண். வரும் முன்னே எடை போட எனக்கு மைய அழுத்தமும் அது விழும் வேகமும் போதும். சாண்டர்ஸும் கியாகமும் 1980இல் சொன்ன கணக்கு: 60 டிகிரி அட்சரேகையில் 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் விழுந்தால் அது பாம் வகை, அதாவது வெடிப்பதுபோல் வேகமாக வலுக்கும் புயல். கீழே வர வர அட்சரேகையின் சைன் மதிப்புக்கேற்ப வரம்பு குறையும். 42 டிகிரியில், அதாவது பாஸ்டன் பக்கம், 18.5 மில்லிபார் போதும். 2018 ஜனவரி 4 புயல் 24 மணி நேரத்தில் 50 மில்லிபாருக்கு மேல் சரிந்து 950 பக்கம் போனது. பாஸ்டன் துறைமுகத்தில் 15.16 அடி, 1978ஐயே தாண்டிய நீர்மட்டம். அழுத்தம் சொன்னபடிதானே நடந்தது?

ஓதமானி
ஐசோபார் சார், நீங்கள் எடுத்த உதாரணமே உங்கள் வாதத்துக்கு எதிராகப் போகிறது. 1978இல் மைய அழுத்தம் 980 சுற்று வட்டாரம். 2018இல் 950. முப்பது மில்லிபார் வித்தியாசம் இருந்தும் நீர்மட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடற்சுவர்களும் வீடுகளும் நொறுங்கியதில் 1978 பக்கத்திலேயே 2018 வராது.

1962 மார்ச் 6–8, சாம்பல் புதன் புயலைப் பாருங்கள். மைய அழுத்தம் 990 மில்லிபார் அளவில்தான், எந்த பாம் வரம்பிலும் தேறாது. ஆனால் கனடா மேல் இருந்த உயர் அழுத்தம் வழிவிடாததால் நடு அட்லாண்டிக் கரைக்கு எதிரே நகராமல் நின்றது. அடுத்தடுத்து ஐந்து உயர் ஓதங்கள், அதாவது கடல் மட்டம் ஏறி நிற்கும் வேளைகள். முதல் ஓதம் மணல்மேட்டை அரித்தது, இரண்டாவது அதைத் தாண்டியது, மூன்றாவதிலிருந்து நேராக வீடுகள் மேல். நியூ ஜெர்சியின் லாங் பீச் ஐலண்டை அலைகள் பல இடங்களில் வெட்டிக்கொண்டு மறுபக்கம் போயின. அசடீக் தீவில் மனை போட்டு விற்கும் திட்டம் அதோடு முடிந்தது. 1965இல் அது தேசியக் கடற்கரையானது.

ஆகவே கடற்கரைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எத்தனை உயர் ஓதம் வரை இந்தப் புயல் நிற்கும்?” என்பது. ஓதத்துக்கு ஓதம் 12 மணி 25 நிமிடம். கரை நோக்கிய பலத்த காற்று 30 மணி நேரம் அடித்தால் இரண்டு நிச்சயம், மூன்றும் மாட்டலாம். 60 மணி நேரம் என்றால் நான்கு அல்லது ஐந்து.

இன்னொன்று: காற்றைத் தீர்மானிப்பது மையம் மட்டும் இல்லை, மையத்துக்கும் வடக்கே நிற்கும் உயர் அழுத்தத்துக்கும் இடையே உள்ள சரிவு. கியூபெக் மேல் 1040, கடலில் 990 என்றால் 50 மில்லிபார் வித்தியாசம். 970 மையமும் 1015 உயர் அழுத்தமும் 45தான். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறுவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அதுவும் மையத்துக்குக் கீழேயே. மீதி எல்லாம் காற்று தள்ளுவது.

சார்ல்ஸ்கரை
அப்படியானால் அலையும் நேரமும் சேர்ந்த அளவுகோல் இருக்க வேண்டுமே?

ஓதமானி
இருக்கிறது. ராபர்ட் டோலன், ராபர்ட் டேவிஸ் இருவரும் 1990களின் தொடக்கத்தில் கொடுத்தது. சிறப்பலை உயரத்தின் வர்க்கம் × அலை 1.5 மீட்டருக்கு மேல் இருந்த மணி நேரம். சிறப்பலை உயரம் என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை அதைப்போல் இரண்டு மடங்கு வரை போகும், மறக்க வேண்டாம்.

சதுர மீட்டர்-மணியில் எல்லைகள்: 71.63 வரை வகை 1, 163.51 வரை 2, 929.03 வரை 3, 2,322.58 வரை 4, அதற்கு மேல் 5. இந்த விசித்திரமான தசமங்கள் சதுர அடிக் கணக்கை மாற்றியதால் வந்தவை. 929.03 என்பது 10,000 சதுர அடி.

வேகமாக ஓடும் பாம்: உச்சம் 6 மீட்டர், 20 மணி நேரம். 36 × 20 = 720. வகை 3.
மந்தமாக நிற்பது: உச்சம் 5 மீட்டர், 72 மணி நேரம். 25 × 72 = 1,800. வகை 4.

ஐசோபார் சாரின் கணக்கில் முதலாவதுதான் பயங்கரம். மணல்மேட்டைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்லும். 1962, 1991 ஹாலோவீன் இரண்டும் இதில் வகை 5.

ஹாட்டரஸ்முனை
ரெண்டு எச்சரிக்கை. ஒன்று, டோலன்-டேவிஸ் வட கரோலைனாவின் கேப் ஹாட்டரஸ் பக்கத்து அலைகளை வைத்துச் செய்தது. கரையே திறந்த கடலைப் பார்த்த மணல் தீவு அது. மாசசூசெட்ஸ் பே, லாங் ஐலண்ட் சவுண்ட் மாதிரி ஒதுங்கிய இடங்களில் அந்த எல்லைகளை அப்படியே பொருத்தக் கூடாது. இரண்டு, உச்ச உயரத்தை முழு நேரத்துக்கும் பெருக்குவதால் புயலை ஊதிக் காட்டும். கடலில் அலையை அளக்கும் மிதவையின் தரவு மணிக்கு மணி கிடைக்கிறதே, ஒவ்வொரு மணியின் உயரத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். ஆனால் அந்தத் தொகையைப் பழைய எல்லைகளோடு ஒப்பிட்டுவிடாதீர்கள், கண்டிப்பாகக் குறைவாகத்தான் வரும். உங்கள் மிதவையின் பழைய புயல்களுக்கும் அதே முறையில் போட்டு ஒப்பிடுங்கள். மிதவை எண்கள்: பாஸ்டனுக்கு 44013, லாங் ஐலண்டுக்குத் தெற்கே 44025, நான்டக்கெட்டுக்கு 44008. பெரிய புயலில் மிதவை நடுவில் செத்துப் போவதும் உண்டு. பக்கத்து மிதவையையும் சேமித்து வையுங்கள்.

பனிக்கும் எங்கள் பக்கத்துக்கு நெசிஸ் உதவாது. ஆர்.எஸ்.ஐ. என்ற வட்டாரப் பனிப்பொழிவுக் குறியீட்டைப் பாருங்கள், அது ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி வரம்பு வைக்கிறது. வடகிழக்கில் 4, 10, 20, 30 அங்குலம், தென்கிழக்கில் 2, 5, 10, 15. வட கரோலைனாவின் ராலியில் 10 அங்குலம் விழுந்தால் ஊரே முடங்கும், பனிக்குப் பழகிய வடக்கு ஊரான பஃபலோவில் பள்ளிக்கூடம் கூட மூடாது.

பனிப்பலகை
பனி அங்குலம் என்ற எண்ணையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். முறை இதுதான்: 16 அங்குலச் சதுர ஒட்டுப்பலகை, வெள்ளை பெயிண்ட், சமதரையில், கட்டடத்தின் காற்று நிழலில் இல்லாமல். பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கொடி கட்டுங்கள், பலகை எங்கே என்று தெரிய. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து, 6 மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் துடைக்கவே கூடாது. மணிக்கொரு முறை துடைத்துக் கூட்டினால் பனி தன் எடையில் அமுங்க வாய்ப்பே இல்லாமல் மொத்தம் வீங்கிவிடும்.

2016 ஜனவரியில் இதெல்லாம் சந்திக்கு வந்தது. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் பலகையே பனிக்குள் காணாமல் போனது. 17.8 அங்குலம் என்று பதிவாகி, பெரிய சர்ச்சைக்குப் பிறகு அந்த எண் நிலைத்தது. நியூவர்க்கின் 28.1 செல்லாது என்று தள்ளப்பட்டது. சென்ட்ரல் பார்க்கில் 26.8 என்று முதலில் சொன்னது 27.5 ஆகத் திருத்தப்பட்டு அந்த இடத்தின் சாதனையானது. முக்கால் அங்குலம் இடைவெளியில் சாதனை மாறும் ஊரில், அங்குலத்தை வைத்துக் கடுமையை நிறுத்துப் பார்க்க முடியாது.

எடை என்றதும் நினைவு வருகிறது. ஒரு அங்குல நீர் ஒரு சதுர அடிக்கு 5.2 பவுண்ட். 18 அங்குலப் பனி 18:1 விகிதத்தில் பஞ்சாக விழுந்தால் ஒரே அங்குல நீர், 5.2 பவுண்ட். அதே 18 அங்குலம் கடலோரத்தில் 6:1 ஈரப்பனியாக விழுந்தால் மூன்று அங்குல நீர், 15.6 பவுண்ட். கூரைக்கும் மரக்கிளைக்கும் தெரிவது இந்த இரண்டாவது எண்தான். 2011 அக்டோபர் கடைசியில் இலை உதிராத மரங்கள் மேல் ஈரப்பனி விழுந்தது. நெசிஸ் 1ஆம் வகை. மின்சாரம் போனது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு.

குயின்சி_வாசகி
ஓதமானி அண்ணா, 2018இல் பாஸ்டனில் 15.16 அடி என்கிறார் ஐசோபார் சார். எங்கள் தெருவில் வீட்டு உயரச் சான்றிதழ்களில் தரைமட்டம் 11 அடி, 12 அடி என்று இருக்கிறது. அப்படியென்றால் 2018இல் எல்லா வீடும் முங்கியிருக்க வேண்டுமே?

ஓதமானி
நல்ல கேள்விம்மா, பலரும் சறுக்கும் இடம் இது. துறைமுக அளவுமானியின் 15.16 அடி, ஒவ்வொரு நாளின் இரண்டு தாழ் ஓதங்களில் தாழ்ந்ததன் சராசரி மட்டத்திலிருந்து எண்ணியது. வீட்டுச் சான்றிதழும் வெள்ள வரைபடமும் 1988 நில உயர அடிமட்டத்திலிருந்து எண்ணுபவை. பாஸ்டனில் இரண்டுக்கும் இடைவெளி 5.51 அடி. ஆகவே 15.16 − 5.51 = 9.65 அடி. 11 அடித் தரைக்கு இன்னும் ஒன்றேகால் அடிக்கு மேல் மிச்சம். இந்த 5.51 பாஸ்டனுக்கு மட்டும். மற்ற ஊருக்கு அந்தந்த நிலையத்தின் அடிமட்டப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த மிச்சத்தை முழுதாக நம்ப வேண்டாம். அளவுமானி இருப்பது துறைமுகத்தின் உள்ளே, அமைதியான தண்ணீரில். திறந்த கரையில் அலை ஏறி அடிப்பது அதில் சேராது. ஹல், சிச்சுவேட், மார்ஷ்ஃபீல்டு மாதிரி வடகிழக்குக் காற்றை நேரே பார்க்கும் இடங்களில் அளவுமானி சாதாரணமாகக் காட்டும்போதே கடற்சுவர் மேல் கல்லும் தண்ணீரும் தெறிக்கும். குயின்சியில் கூட விரிகுடா உள்ளே இருக்கும் தெருவும் வெளியே பார்த்த தெருவும் ஒன்று இல்லை.

1978 – 2018 ஒப்பீட்டில் இன்னொரு விஷயம். பாஸ்டனில் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஏறுகிறது. 40 ஆண்டில் 4 முதல் 5 அங்குலம். 2018 சாதனையை முறியடித்தது அங்குலக் கணக்கில்தான். 1978இன் அடித்தளத்திலிருந்து கிளம்பியிருந்தால் 2018க்கு அந்தச் சாதனை கிடைத்திருக்காது.

எடிசன்_ராரிட்டன்
நியூயார்க், நியூ ஜெர்சிக்கு இதே கணக்குப் பொருந்துமா? ஊரில் வானிலை மையம் காற்று வேகத்தை வைத்துப் புயல், தீவிரப் புயல், அதி தீவிரப் புயல் என்று சொல்லிக் கேட்டே பழகியவர்கள் நாங்கள். இங்கே அப்படி ஒரே ஏணி இல்லாதது குழப்பம்.

ஓதமானி
அந்த ஏணியும் மழையைச் சொல்லாது. 2015 டிசம்பரில் சென்னை முங்கியபோது புயல் என்று பெயர் வைக்க எதுவுமே இல்லை.

உங்கள் பகுதிக்கு ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. பாஸ்டனில் தாழ் ஓதத்துக்கும் உயர் ஓதத்துக்கும் சராசரி இடைவெளி ஒன்பதரை அடி. மன்ஹாட்டன் தென்முனை பேட்டரியில் நாலரை அடிதான். பாஸ்டனில் நான்கு அடி சர்ஜ் (புயல் தள்ளி ஏற்றும் கூடுதல் நீர்) தாழ் ஓதத்தில் வந்தால் சாலை நனையாது. அதே சர்ஜ் உயர் ஓதத்தில் வந்தால் பேரிடர். ஆறு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் தப்பிக்கலாம். பேட்டரியில் தப்பிக்கும் அந்த இடைவெளி பாதிகூட இல்லை, நான்கு அடி எந்த நேரத்தில் வந்தாலும் சாதாரண உயர் ஓதத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். ராரிட்டன் பே புனல்போலக் கிழக்கே திறந்து இருப்பதால் கிழக்குக் காற்று உள்ளே திணித்த தண்ணீர் வெளியே வரவும் தாமதமாகும். அடுத்த ஓதம் அதன் மேலேயே ஏறும்.

2016 ஜனவரிப் புயல் முழுநிலவு ஓதத்தோடு வந்து, கேப் மேயில் 2012 சாண்டி புயலின் நீர்மட்டத்தையே தாண்டியது. பனிப்புயல் என்று தொலைக்காட்சி சொன்னதால் தென் ஜெர்சியில் பலரும் கடலைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஐசோபார்
சரி, அழுத்தம் மட்டும் போதாது என்பது புரிகிறது. ஆனால் பாதையை யாரும் பேசவில்லையே. 40 டிகிரி வடக்கு, 70 டிகிரி மேற்கு, அந்த அடையாளப் புள்ளியை ஒட்டிப் போனால் பாஸ்டனுக்குக் கனத்த பனி. ஐம்பது மைல் உள்ளே வந்தால் கடலோரம் மழைக்கும் ஸ்லீட்டுக்கும் (உறைந்த மழைத்துளிகள்) மாறும், பனி உள்நாட்டுக்குப் போகும். கடலுக்கோ, மழையானாலும் பனியானாலும் காற்று ஒன்றுதான். “மழையா மாறிடுச்சு, பிழைச்சோம்” என்று கரையில் சொல்வது ஆபத்து.

2015 ஜனவரி 26–28: நியூயார்க்குக்கு இரண்டு அடியும் அதற்கு மேலும் எதிர்பார்த்தார்கள், சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம். அதே புயல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5. பட்டையின் மேற்கு விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி இருந்தது, அது கொஞ்சம் கிழக்கே நகர்ந்தது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட விளிம்பில் இருக்கும் ஊருக்கு ஒற்றை எண் சொல்வதே வீண். மாடலைச் சற்றுச் சற்று மாற்றிப் பல முறை ஓட்டும் குழுமக் கணிப்பில் 10 விழுக்காட்டு, 90 விழுக்காட்டு எண்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இணையத்தில் சுற்றும் மாடல் பனி வரைபடங்களில் ஒரு பொறி. பல வரைபடங்கள் 10:1 விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகின்றன, ஸ்லீட்டையும் பனியாக எண்ணிவிடுகின்றன. 850 மில்லிபாரில், அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலும் அதற்கு மேலே 750–800 பக்கம் ஒரு வெதுவெதுப்பான அடுக்கு நுழைந்தால் 20 அங்குலம் என்று காட்டும் இடத்தில் 6 அங்குல ஸ்லீட்தான் கிடைக்கும். செங்குத்து வெப்பநிலை வரைபடத்தைத் திறந்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

சார்ல்ஸ்கரை
புயலுக்கு நான்கு நாள் முன்பிருந்து எதை எப்போது பார்ப்பது என்று ஒரு வரிசை சொல்ல முடியுமா?

ஓதமானி
ஐந்து, நான்கு நாள் முன்: பனி எண்ணைத் தொடவே வேண்டாம். ஓத அட்டவணையை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளா, நிலா பூமிக்கு அருகே இருக்கிறதா, அந்த நாட்களின் உயர் ஓதம் எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். இது மாறவே மாறாத எண். 1978இல் அமாவாசை பிப்ரவரி 7. பாஸ்டனில் 12.5 அடியைத் தாண்டினால் வெள்ளம் தொடக்கம். கணித்த ஓதமே 11.8 என்றால் முக்கால் அடி சர்ஜ் போதும். 9.5 என்றால் மூன்று அடி வேண்டும்.

மூன்று நாள் முன்: வடக்கே உயர் அழுத்தம் நிற்கிறதா, நகர்கிறதா. நின்றால் புயல் மெல்லப் போகும், ஓதங்கள் கூடும். ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடலான ஜி.எஃப்.எஸ். இரண்டின் குழுமங்களிலும் மையம் எத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று பாருங்கள்.

ஒன்றரை நாள் முன்: தேசிய வானிலை சேவையின் பி-இ.டி.எஸ்.எஸ். சர்ஜ் குழுமம். நியூயார்க் துறைமுகத்துக்கு ஸ்டீவன்ஸ் கல்லூரியின் வெள்ள எச்சரிக்கை அமைப்பு. சர்ஜின் உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு உயர் ஓத நேரத்திலும் மொத்த நீர்மட்டம் எவ்வளவு என்று தனித்தனியே குறியுங்கள்.

கடைசி 12 மணி நேரம்: மாடலை விடுங்கள். பாஸ்டன் 8443970, பேட்டரி 8518750 நிலையங்களில் கணித்த ஓதத்துக்கும் நிஜ மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். முந்தைய தாழ் ஓதத்திலேயே அந்த வித்தியாசம் சர்ஜ் மாடல் சொன்னதைவிட அரை அடி கூடுதலாக இருந்தால் வரும் உயர் ஓதத்துக்கும் அந்த அரை அடியைச் சேருங்கள்.

எடிசன்_ராரிட்டன்
வானிலை சேவையின் குளிர்காலப் புயல் கடுமைக் குறியீடு, டபிள்யூ.எஸ்.எஸ்.ஐ., அதில் இதெல்லாம் ஒன்றாக வராதா? அதில் “அதீதம்” வரை நிறம் போட்டுக் காட்டுகிறார்களே.

பனிப்பலகை
பனி அளவு, பனிச்சுமை, உறைபனிப் படிவு, திடீர் உறைவு, பறக்கும் பனி, தரைப் பனிப்புயல் என்று ஆறு உறுப்புகள் அதில் உண்டு. நிலப்பயன்பாடு, மக்கள்தொகை, அந்த ஊரின் வழக்கமான பனி ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிடுகிறது. சாலைக்கும் மின்சாரத்துக்கும் என்னைக் கேட்டால் இப்போதைக்கு இதுவே சிறந்தது. ஒவ்வொரு உறுப்பையும் தனியாகச் சொடுக்கிப் பாருங்கள், மொத்த நிறம் எதனால் வந்தது என்று தெரியும். கடல் வெள்ளம் அதில் இல்லை. கரையில் இருப்பவர் வரைபடத்தில் “சிறிய” நிறத்தைப் பார்த்து அடங்கிவிடக் கூடாது.

தொலைக்காட்சியில் பிளிஸார்ட் என்று சொன்னால் அதுவும் பனி அளவு இல்லை. 35 மைல் வேகக் காற்றோ அடிக்கடி வரும் வீச்சோ, கால் மைலுக்குக் குறைந்த பார்வை, இரண்டும் மூன்று மணி நேரம். 5 அங்குலத்திலும் பிளிஸார்ட் வரும், 25 அங்குலத்திலும் வராமல் போகும்.

குயின்சி_வாசகி
அப்படியானால் வண்டியை எடுத்து உயரமான இடத்தில் நிறுத்துவதற்கு எந்த எண்ணைப் பார்ப்பது? ஒரே எண் சொல்லுங்கள்.

ஓதமானி
உங்கள் தெருவின் மிகத் தாழ்ந்த இடத்து உயரத்தோடு 5.51 கூட்டுங்கள். அந்த எண்ணுக்கு ஒரு அடி கீழே வரை மொத்த நீர்மட்டக் கணிப்பு வந்தால் வண்டியை எடுத்துவிடுங்கள், அதுவும் அந்த உயர் ஓதத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே. கடைசி ஒரு மணி நேரத்தில் தெருமுனைக் கழிவுநீர்த் திறப்பு வழியாகவே கடல் மேலே வரும், அப்போது வெளியேறும் பாதை முதலில் முங்கியிருக்கும்.